மூளைக்குள் பல குரல்கள்



நான் மருத்துவன் அல்லன். டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளப் பராமரிப்பிலேயே காலம் கழித்து ஓய்வு பெற்றவன். மூளை ஸ்கேன் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒரு தாளைப் புரிந்துகொள்ள ஆறு மாதம் உட்கார்ந்து படித்தேன் என்பது ஒன்றுதான். அந்தத் தாள் என் பழைய நண்பர் ஒருவருடையது. கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்தவர், இப்போது வயது 71. நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். சென்ற ஆண்டு அவருக்கு மறதி அதிகமாயிற்று. வாங்கிய காய்கறியைக் கடையிலேயே வைத்துவிட்டு வருவது, சொன்னதையே சொல்வது என்று தொடங்கியது. வெளியூரில் இருக்கும் மகன் பதறிப்போய் ஓர் இடத்தில் ஸ்கேன் எடுக்க ஏற்பாடு செய்தான். ஒரு வாரத்தில் வண்ணப் படங்களோடு அறிக்கை வந்தது. அதில், மூளையின் ஓய்வுநிலை வலைப்பின்னல் பலவீனம், அல்சைமர் நோயாளிகளிடம் காணப்படும் போக்குடன் ஒத்திருக்கிறது என்று இருந்தது.

அன்று மாலையே அண்ணி எனக்குப் போன் செய்தார். "தம்பி, பேங்க் பாஸ்புக்கை எல்லாம் அவர் கையில இருந்து வாங்கிடச் சொல்றான் பையன். வாங்கிடலாமா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் அந்தப் படம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். எம்.ஆர்.ஐ. எந்திரம் ஒரு பெரிய காந்தம். 1990இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த செய்ஜி ஒகாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி ஒன்றைக் காட்டினார். ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏற்றிய ஹீமோகுளோபினும் ஆக்ஸிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினும் காந்தப் புலத்தில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன. மூளையின் ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது, ஐந்தாறு வினாடி கழித்துப் படத்தில் அந்த இடம் சற்றே பிரகாசமாகிறது. சற்றே என்றால் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். எனவே எந்திரம் மூளையின் எண்ணத்தைப் படம் பிடிப்பதில்லை. ரத்த ஓட்டத்தின் மெல்லிய ஏற்ற இறக்கத்தைத்தான் பிடிக்கிறது.

மூளை முழுவதையும் மூன்று மில்லிமீட்டர் கனசதுரங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இதை வாக்ஸெல் என்கிறார்கள். ஒரு மூளையில் ஏறக்குறைய 50,000 வாக்ஸெல் தேறும். இரண்டு வினாடிக்கு ஒரு படம் என்று பத்து நிமிடம் எடுத்தால் 300 படங்கள். ஆக ஒரு மனிதருக்கு ஒன்றரைக் கோடி எண்கள். இருபது பேருக்கு முப்பது கோடி. இதில் எதை என்று தேடுவது?

1995இல் பரத் பிஸ்வால் என்பவரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் ஒரு விந்தையைக் கண்டார்கள். ஒருவர் கையை அசைக்காமல் சும்மா படுத்திருக்கும்போதும், இடது கையை ஆளும் பகுதியும் வலது கையை ஆளும் பகுதியும் ஒரே தாளத்தில் ஏறி இறங்கின. சும்மா இருக்கும் மூளையும் சும்மா இல்லை. அதில் பல கூட்டணிகள் ஒரே நேரத்தில் தத்தம் தாளத்தில் பேசிக்கொண்டிருக்கின்றன. இவற்றைத்தான் ஓய்வுநிலை வலைப்பின்னல்கள் என்கிறோம். இவற்றோடு இதயத் துடிப்பும், மூச்சும், தலை அசைவும், எந்திரத்தின் இரைச்சலும் கலந்து வருகின்றன. கலந்ததைப் பிரிக்க வேண்டும்.

இங்கேதான் நம் தொழில் அனுபவம் எனக்குக் கைகொடுத்தது. பழைய நாளில் இருப்புப் பாதையில் 13 மீட்டருக்கு ஓர் இணைப்பு இருக்கும். வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வினாடிக்கு இரண்டு தடவை "டக்" என்று கேட்கும். சக்கரத்தின் விளிம்பில் ஓரிடம் தேய்ந்து தட்டையாகிவிட்டால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம், அதாவது ஏறக்குறைய 2.9 மீட்டருக்கு ஒரு தரம், அது தட்டும். வினாடிக்கு ஒன்பது பத்துத் தடவை. ஜோலார்பேட்டைப் பகுதியில் என்னோடு வேலை பார்த்த கேங்மேன் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, இது பாதையின் குற்றம், அது பெட்டியின் குற்றம் என்று பிரித்துச் சொல்வார். ஆனால் அவருக்கு 13 மீட்டரும் தெரியும், சக்கரத்தின் அளவும் தெரியும். எதுவுமே தெரியாமல் பிரிக்க முடியுமா? அதுதான் கேள்வி.

முடியும் என்கிறது சார்பிலாக் கூறுப் பகுப்பாய்வு. ஆங்கில எழுத்துகளில் சுருக்கமாக ஐ.சி.ஏ. என்பார்கள். கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இரண்டு ஒலிபெருக்கிகள் ஒரே நேரத்தில் பேசுவதாக வையுங்கள். ஒன்று கன்னடத்தில், ஒன்று இந்தியில். இரண்டு இடங்களில் மைக் வைக்கிறோம். முதல் மைக்கில் கன்னடம் இரண்டு பங்கு, இந்தி ஒரு பங்கு. இரண்டாவதில் கன்னடம் ஒரு பங்கு, இந்தி இரண்டு பங்கு. இந்தப் பங்குகள் தெரிந்துவிட்டால் வேலை எளிது. முதல் மைக்கை இரட்டித்து இரண்டாவதைக் கழித்தால் இந்தி அடிபட்டுப்போய்க் கன்னடம் மட்டும் மூன்று பங்கு நிற்கும். பள்ளிக்கூடத்து ஒருங்கமை சமன்பாடுதான். பங்குகள் தெரியாதபோது எப்படிப் பிரிப்பது என்பதில்தான் சூட்சுமம்.

ஆறுமுகப் பகடை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று முதல் ஆறு வரை எல்லாம் சம வாய்ப்பு. இரண்டு பகடைகளை உருட்டிக் கூட்டினால்? கூட்டுத்தொகை 2 வருவதற்கு ஒரே வழி, 7 வருவதற்கு ஆறு வழிகள். நடுவில் மேடு விழுந்துவிட்டது. பத்துப் பகடைகளைக் கூட்டினால் கோயில் மணியைக் கவிழ்த்தது போன்ற வளைவு வந்துவிடும். கலக்கக் கலக்க எதுவும் மணி வடிவத்தை நோக்கிப் போகும். அப்படியானால் திரும்பி வரும் வழி என்ன? கலவைகளை வெவ்வேறு விகிதத்தில் கூட்டியும் கழித்தும் பார்த்து, மணி வடிவத்தில் இருந்து எது மிக அதிகமாக விலகி நிற்கிறதோ அதைப் பிடி. அதுவே கலக்காத மூலக் குரல். இந்த யோசனையை 1980களில் பிரான்சில் எரோ, ஜுத்தேன் என்ற இருவர் தொடங்கினர். 1994இல் பியேர் கோமோன் அதற்குக் கணித அடித்தளம் இட்டார். 1995இல் பெல், செஜ்னோவ்ஸ்கி இருவரும் விரைவாகக் கணக்கிடும் வழி ஒன்றைத் தந்தனர். மூலக் குரல்கள் எல்லாமே மணி வடிவமாக இருந்தால் இந்த வித்தை பலிக்காது. ஒன்றுக்கு மேல் அப்படி இருக்கக் கூடாது.

இந்தக் கணிதத்தின் வேரில் நம் பக்கத்து மனிதர் ஒருவரும் இருக்கிறார். சி.ஆர். ராவ். 1920இல் ஹடகலியில் பிறந்தவர். இன்று அது கர்நாடகம். அன்று பல்லாரி மாவட்டத்தோடு சென்னை மாகாணத்தில் இருந்தது. சார்பில்லாத மாறிகளின் கலவையில் இருந்து அந்த மாறிகளைப் பற்றி எவ்வளவு திட்டமாகச் சொல்ல முடியும் என்ற கேள்வியில் 1960களிலேயே உழைத்தார். ககன், லின்னிக் என்ற இரு ரஷ்யர்களோடு சேர்ந்து இதைப் பற்றி எழுதிய பெரிய நூல் ஆங்கிலத்தில் 1973இல் வெளிவந்தது. இந்த வகை மூளைப் படம் அப்போது இல்லை. 2023இல், 102ஆம் வயதில் மறைந்தார். நம் பிள்ளைகள் கிரிக்கெட் வீரர்களின் பெயர்களோடு இந்தப் பெயரையும் தெரிந்துகொண்டால் நன்றாக இருக்கும்.

1998இல் மக்கியோன் என்பவரும் பிறரும் ஐ.சி.ஏ.வை மூளைப் படங்களுக்குப் பயன்படுத்தினர். இங்கே "குரல்" என்பது ஒரு வரைபடம். ஒவ்வொரு நொடிப் படமும் பல வரைபடங்களின் கலவை. ஒரு வலைப்பின்னலின் வரைபடத்தில் பெரும்பாலான வாக்ஸெல்களில் மதிப்பு ஏறக்குறைய பூஜ்யம், சில இடங்களில் மட்டும் உச்சம். மணி வடிவத்துக்கு இது வெகு தூரம். எனவே நன்றாகப் பிரிகிறது. பார்வைக்கு ஒன்று, கேள்விக்கு ஒன்று, கை கால் அசைவுக்கு ஒன்று, வெளிவேலை எதுவும் இல்லாதபோது எழும் இயல்புநிலை வலைப்பின்னல் ஒன்று என்று இருபது முப்பது வரைபடங்கள் கிடைக்கும். அவற்றில் சில வெறும் தலை அசைவும் நாடித் துடிப்பும்தான். அவற்றைக் கண்டுபிடித்துத் தள்ள வேண்டும்.

ஒருவருக்குச் சரி. இருபது பேருக்கு? இங்கே ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஐ.சி.ஏ. தரும் கூறுகளுக்கு வரிசை கிடையாது. ஒருவரின் ஐந்தாவது வரைபடம் இன்னொருவருக்குப் பதினோராவதாக வரலாம். கூட்டல் குறி கழித்தலாகவும் மாறலாம். ஒருவருக்கு ஒன்றாக வந்தது இன்னொருவருக்கு இரண்டாகப் பிளந்தும் வரலாம். எதை எதோடு ஒப்பிடுவது? 2001இல் வின்ஸ் கால்ஹூன் குழுவினர் ஒரு வழி சொன்னார்கள். ஒவ்வொருவரின் 300 படங்களையும் முதலில் சுருக்கி, பிறகு எல்லோருடைய சுருக்கங்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி, மொத்த அடுக்குக்கும் ஒரே ஒரு தடவை ஐ.சி.ஏ. செய்வது. பொது வரைபடங்கள் கிடைத்தபின் அவற்றில் இருந்து பின்னோக்கிப் போய் ஒவ்வொருவரின் சொந்த வரைபடத்தையும் கட்டி எழுப்புவது. ஆக்ஸ்ஃபோர்டில் வளர்ந்த இன்னொரு வழி இரட்டைப் பின்னடைவு. பொது வரைபடங்களை ஒருவரின் படங்களோடு பொருத்தி அவருடைய தாளங்களைக் கண்டுபிடிப்பது முதல் படி. அந்தத் தாளங்களை அதே படங்களோடு பொருத்தி அவருடைய வரைபடங்களைக் கண்டுபிடிப்பது இரண்டாம் படி. இரண்டு வழியிலும் எல்லோருக்கும் ஒரே வரிசையில் வரைபடங்கள் வந்துவிடும். நாங்கள் பாதையை அளக்கும்போது கிலோமீட்டர் கல்லை வைத்துப் போன வருட அளவையும் இந்த வருட அளவையும் நேர்ப்படுத்துவோம். கல் நேர்ப்படாவிட்டால் ஒப்பிடுவதில் பயனே இல்லை.

மூளைக்குக் கிலோமீட்டர் கல் எது? உலகில் பெரும்பாலோர் பயன்படுத்துவது கனடாவின் மான்ட்ரியாலில் 152 பேரின் படங்களைச் சராசரி செய்து உருவாக்கிய பொது மூளை. எல்லோருடைய மூளையையும் இழுத்துச் சுருக்கி அந்த அச்சில் பொருத்துவார்கள். நம்மவர் மூளையின் நீள அகலம் கொஞ்சம் வேறு என்பதால் 2019இல் ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யில் நூறு இந்தியரின் படங்களில் இருந்து ஓர் அச்சு செய்தார்கள். 2020இல் நம் பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் பங்கு கொண்ட குழு 6 வயது முதல் 60 வயது வரைக்கும் ஐந்து அச்சுகளை வெளியிட்டது. என் நண்பருக்கு 71. இதைப் படித்தபோதுதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. அவரை யாரோடு ஒப்பிட்டார்கள்? எந்த வயதினரோடு, எந்த நாட்டவரோடு, எவ்வளவு படித்தவர்களோடு? அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை.

இனி புள்ளியியலுக்கு வருவோம். இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன். நோயாளிகள் ஒரு குழு, ஆரோக்கியமானவர்கள் ஒரு குழு. ஒவ்வொரு வாக்ஸெல்லிலும் இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடுகிறோம். நூற்றுக்கு ஐந்து தவறு நேரலாம் என்ற வழக்கமான அளவுகோலை வைத்தால், உண்மையில் வேறுபாடே இல்லாத 50,000 வாக்ஸெல்களில் 2,500 இடங்கள் தற்செயலாகவே "வேறுபாடு" என்று மின்னும். இருபது வரைபடங்களையும் சோதித்தால் 50,000 மின்னும். 2009இல் கிரெய்க் பென்னட் என்பவரும் நண்பர்களும் செத்த சால்மன் மீன் ஒன்றை எம்.ஆர்.ஐ. எந்திரத்தில் வைத்து, அதற்கு மனிதர்களின் புகைப்படங்களைக் காட்டி, அவர்களுடைய உணர்ச்சி என்ன என்று "கேட்டார்கள்". திருத்தம் செய்யாத கணக்கில் மீனின் மூளையில் சில இடங்கள் மின்னின. திருத்தம் செய்ததும் அணைந்துவிட்டன. விளையாட்டாகத் தோன்றினாலும் அந்த மீன் துறைக்கே பாடம் நடத்தியது. 2016இல் எக்லுண்ட், நிக்கோல்ஸ், நட்ஸன் மூவரும் இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள். ஆரோக்கியமானவர்களையே மனம்போனபடி இரு குழுவாகப் பிரித்து, வழக்கமான மென்பொருள்களில் போட்டார்கள். வேறுபாடே இருக்கக் கூடாது. ஆனால் நூற்றுக்கு ஐந்து என்று நினைத்த பொய் எச்சரிக்கை, சில அமைப்புகளில் நூற்றுக்கு எழுபது வரை போயிற்று.

இதற்கு நம்பகமான வழி ஒன்று உண்டு. உத்திரமேரூர்க் கல்வெட்டில் சொல்லும் குடவோலை முறையை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து நோயாளிகள், பத்து ஆரோக்கியர். இருபது பெயரையும் ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, கண்ணை மூடிப் பத்தை எடுத்து இவர்கள்தான் "நோயாளிகள்" என்று பாவனை செய்யுங்கள். மூளை முழுக்க வேறுபாட்டைக் கணக்கிட்டு, அதில் மிகப் பெரிய ஒரே ஒரு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி குலுக்குங்கள். இருபதில் பத்தை எடுக்க 1,84,756 வழிகள் உள்ளன. ஐயாயிரம் தடவை குலுக்கினால் போதும். தற்செயலே எவ்வளவு பெரிய எண்ணைத் தரும் என்று தெரிந்துவிடும். உண்மையான பெயர்ப் பட்டியல் தரும் எண், நூறு குலுக்கலில் தொண்ணூற்றைந்தையாவது மிஞ்சினால்தான் பேச்சு. பெரிய சூத்திரம் எதுவும் இல்லை. கம்ப்யூட்டருக்குத்தான் வேலை.

இவ்வளவு சரியாகச் செய்தாலும் இன்னொரு குழி இருக்கிறது. மறதி உள்ளவர்களும் குழந்தைகளும் எந்திரத்துக்குள் அசையாமல் படுப்பது கடினம். தலை அசைவே வலைப்பின்னல் வேறுபாடு போல வேடம் போடும் என்று 2012இல் தெளிவாகக் காட்டினார்கள். அசைவின் அளவைச் சொல்லாத ஒப்பீட்டை நான் நம்புவதில்லை.

இந்த முறையால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2004இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த கிரைஷியஸ் குழுவினர் ஐ.சி.ஏ. மூலம், அல்சைமர் நோயாளிகளிடம் இயல்புநிலை வலைப்பின்னல் தளர்ந்திருப்பதைக் காட்டினர். அது நல்ல வேலை. ஓசூர் சாலையில் இருக்கும் நம் நிம்ஹான்ஸில், காக்காய் வலிப்பு உள்ள 42 பேர், ஆரோக்கியமான 90 பேர் ஆகியோரின் படங்களை ஐ.சி.ஏ.வால் பிரித்து, வலிப்புக்குரிய வலைப்பின்னல்களை எந்திரக் கற்றல் மூலம் அடையாளம் கண்டதாக 2019இல் கட்டுரை வந்தது. 1954இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனமும் பழைய மனநல மருத்துவமனையும் 1974இல் இணைந்து உருவான அந்த இடத்தில், இன்று இத்தகைய ஆராய்ச்சி நடக்கிறது என்பது இந்த ஊரில் வாழும் நமக்கும் பெருமைதான். இந்திய அறிவியல் கழக வளாகத்தில் இருக்கும் மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்துக் கிராமத்தாரையும் பெங்களூரு நகரத்தாரையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து வருகிறது. ஒருவரை அவருடைய பழைய படத்தோடேயே ஒப்பிட முடியும் என்பதுதான் அதன் சிறப்பு.

என் நண்பரின் தாளுக்குத் திரும்புகிறேன். குழுவின் சராசரியில் உண்மையான வேறுபாடு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கணக்குக்காக, ஆரோக்கியரின் சராசரி வலு 50, நோயாளிகளின் சராசரி 45, இரு குழுவிலும் ஆளுக்கு ஆள் ஏற்ற இறக்கம் 10 என்க. இவை நான் உதாரணத்துக்கு எடுத்த எண்கள். குழுவுக்கு நூறு பேர். சராசரிகளின் வேறுபாட்டில் வரக்கூடிய பிழை சுமார் 1.4. வேறுபாடு 5. அதாவது பிழையைப் போல் மூன்றரை மடங்கு. தற்செயலாக இப்படி வர இரண்டாயிரத்தில் ஒரு வாய்ப்புதான். பத்திரிகையில் போடலாம், கைதட்டலாம். இப்போது தெருவில் போகும் ஒருவரைக் கூப்பிட்டு, 47.5க்குக் கீழே இருந்தால் நோய் என்று சொல்லிப் பாருங்கள். நோயாளிகளில் நூற்றுக்கு அறுபது பேர்தான் பிடிபடுவார்கள். ஆரோக்கியரில் நாற்பது பேர் வீணாக மாட்டிக்கொள்வார்கள். ஆயிரம் முதியவரில் ஐம்பது பேருக்கு நோய் என்றால், பிடிபடும் நோயாளிகள் 30, வீணாக மாட்டுபவர்கள் 380. "பலவீனம்" என்று தாள் வாங்கிய 410 பேரில் உண்மையான நோயாளி 30 பேர். நூற்றுக்கு ஏழுதான்.

இந்தக் கணக்கை ஒரு நோட்டுப் புத்தகத்தில் போட்டு அண்ணியிடமும், போனில் பையனிடமும் காட்டினேன். குழுவுக்குச் சொன்ன உண்மையை ஒருவர் தலையில் அப்படியே இறக்கக் கூடாது என்று விளக்கினேன். பையன் என்ஜினீயர், சட்டென்று புரிந்துகொண்டான். "அப்ப அப்பாவுக்கு ஒண்ணும் இல்லையா மாமா?" என்று கேட்டான். அதையும் நான் சொல்ல முடியாது என்றேன். தாள் இரண்டு பக்கமும் சாட்சி ஆகாது.

பிறகு ஒரு நரம்பியல் மருத்துவரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ஸ்கேன் தாளை ஓரமாக வைத்துவிட்டு அரை மணி நேரம் பேசினார். ஞாபகச் சோதனையை முதலில் கன்னடத்தில் தொடங்கினார். அண்ணன் தடுமாறினார். நாற்பது வருடம் இந்த ஊரில் இருந்தாலும் அவருக்குக் கணக்கும் கதையும் தமிழில்தான் ஓடும். அங்கிருந்த தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருவர் அதே சோதனையைத் தமிழில் செய்ய, மதிப்பெண் கணிசமாக ஏறியது. இதைப் படிக்கும் குடும்பங்கள் மறக்காமல் கேட்டு வாங்க வேண்டியது இது. பெரியவரின் சோதனை அவர் நினைக்கும் மொழியில் நடக்க வேண்டும். அடுத்து ரத்தப் பரிசோதனை. தைராய்டு வெகுவாகக் குறைந்திருந்தது. காதும் மந்தம். மறதிக்கு இவையும் காரணமாகலாம், இவை சரிசெய்யக் கூடியவை என்றார் மருத்துவர்.

மாத்திரை தொடங்கி ஏழு மாதம் ஆகிறது. முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பெயர்கள் இன்னும் நழுவுகின்றன. ஆனால் பாஸ்புக் அவரிடம்தான் இருக்கிறது, மாதம் பிறந்தால் பென்ஷன் கணக்கை அவரே பார்க்கிறார். மருத்துவர் ஒரு வருடம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.

போன வாரம் அவருடன் காபி குடிக்கும்போது, எந்திரத்துக்குள் படுத்திருந்தது எப்படி இருந்தது என்று கேட்டேன். "ஒரே தட்டல் தம்பி. பத்து நிமிஷமும் கேட்டுக்கிட்டே இருந்தேன். ரயில் ஜாயின்ட் சத்தம் இல்லை, வீல் பிளாட்டாத்தான் இருக்கும்" என்றார்.